அறுபத்தெட்டு எண்கள்

786

அதிராம்பட்டினம்
14 ஜூன் 1998

அன்புள்ள ரஞ்சனிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அமெரிக்கா போகிற பரபரப்பில் நீ சென்னையில் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று உம்மா கேட்கச் சொன்னார்கள்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்டர்வியூவில் நாம் எழுதிய ஹாஷ் ப்ரோகிராம் லைப்ரரியைக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இதற்கெல்லாம் என்னிடம் உத்தரவு கேட்பாயா? தாராளமாகக் காட்டு. நம்முடையது என்று சொல். இரண்டு ஃபிளாப்பியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். போன தடவை பூஞ்சை பிடித்து முழுவதையும் மறுபடி அடித்த கதை நினைவிருக்கிறதல்லவா, அதனால் ஒன்றுக்கு இரண்டு.

யாராவது விளக்கம் கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறாய். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் கம்ப்யூட்டர் லேபில் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அத்தனையும் அடித்தவள் நீ. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு விரல் வேலை செய்தால் காது வேலை செய்யாது போலிருக்கிறது!

சரி, கேட்டுக்கொள். ஹாஷ் என்பது ஒரு மில். ஒரு வரியைக் கொட்டினாலும் ஒரு புத்தகத்தையே கொட்டினாலும் வெளியே வருவது முப்பத்திரண்டு எழுத்துதான். அதே சரக்குக்கு என்றைக்கும் அதே முப்பத்திரண்டு. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினால்கூட வெளியே வருவது வேறாகிவிடும். அரிசியை மாவாக்கலாம், மாவைக் காட்டி அரிசியைத் திருப்பிக் கொடு என்றால் மில்காரர் நம்மைப் பைத்தியம் என்பார். ஒரு ஃபைலில் யாராவது கை வைத்தார்களா என்று கண்டுபிடிக்க இது உதவும். முறை வேறு யாரோ கண்டுபிடித்தது, நம் லேப் ரெங்கசாமி சார் ஜெராக்ஸ் எடுத்துத் தந்தது. அதை சி மொழியில், எந்த ப்ரோகிராமும் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதியதுதான் நம் வேலை. மூன்றே ஃபங்ஷன்: தொடங்கு, ஊட்டு, முடி. கடைசித் துண்டில் ஐம்பத்தாறு பைட்டோ அதற்கு மேலோ மிச்சமிருந்தால் விடை தப்பாக வந்ததே, அதைப் பிடிக்கப் பதினேழு நாள் ஆனதையும் சொல். கேட்பவர்களுக்கு அந்த மாதிரிக் கதை பிடிக்கும்.

நடுவில் இருக்கும் பெரிய எண் அட்டவணையை மட்டும் தொடாதே. அறுபத்தெட்டு எண்ணும் அப்படியே இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் எழுது.

உன்
தஹ்மீனா

*

உ

நியூ ஜெர்சி
3 நவம்பர் 1998

என் தஹ்மிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு. இங்கே வந்து இரண்டு மாதம் வேலை கொடுக்காமல் ஒரு அறையில் ஆறு பேரை அடைத்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் வருஷம் வந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பும் என்று ஊரிலிருந்து எங்களை அள்ளிக்கொண்டு வந்தவர்கள், வந்த பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தினமும் பயம். அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று குளியலறையில் அழுதிருக்கிறேன்.

கடைசியில் நம் லைப்ரரிதான் கை கொடுத்தது. ஒரு கம்பெனியின் மேனேஜரிடம் காட்டினேன். "நீயே எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, அந்த நிமிஷத்தில் வேறு வார்த்தை வரவில்லை. அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. கொஞ்சம் காலூன்றிக்கொண்டதும் உன் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். சத்தியம்.

இப்போது ஒரு ஆபத்து. இங்கிருக்கும் பெரிய யூனிக்ஸ் மெஷினில் போட்டால் எல்லா விடையும் தப்பாக வருகிறது. ஊரில் சரியாக ஓடியதே! பத்து நாள் மேனேஜரிடம் ஏதேதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிழை நான் அடித்ததில் இருக்காது. அறுபத்தெட்டு எண்ணையும் எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறேன், சரிபார்த்தும்விட்டேன்.

சீக்கிரம் எழுது தஹ்மி. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

பிரியமுடன்
ரஞ்சனி

*

786

அதிராம்பட்டினம்
20 நவம்பர் 1998

அன்புள்ள ரஞ்சனி,

அழாதே. பிழை உன்மேலும் இல்லை, என்மேலும் இல்லை. நம் லேப் மெஷின் ஒரு எண்ணின் நாலு பைட்டைக் கடைசியிலிருந்து அடுக்கும். உன் கம்பெனி மெஷின் முதலிலிருந்து அடுக்கும். பந்தியில் இந்தக் கோடியிலிருந்து பரிமாறுகிறவர்களும் உண்டு, அந்தக் கோடியிலிருந்து பரிமாறுகிறவர்களும் உண்டு, அவ்வளவுதான் விஷயம். பைட்டுகளை நாமே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிட்டால் எந்த மெஷினிலும் ஓடும். மாற்ற வேண்டிய இருபத்திரண்டு வரியையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பார்த்து அடி. புரியாவிட்டாலும் பரவாயில்லை.

என் செய்தி: தை மாதம் எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஜாஃபர் சாதிக், துபாயில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், பெண் வீட்டை விட்டுப் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் வருவார். அதனால் முகவரி மாறாது. நீ எப்போது எழுதினாலும் இங்கேதான் இருப்பேன்.

மேனேஜரிடம் ஆமாம் என்று சொன்னதற்குக் கோபம் இல்லை. பயந்தவள் சொன்னது கணக்கில் வராது. ஆனால் சத்தியம் செய்திருக்கிறாய். அதை நான் மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே.

உன்
தஹ்மீனா

*

786

அதிராம்பட்டினம்
9 ஆகஸ்ட் 2001

அன்புள்ள ரஞ்சனிக்கு,

இரண்டரை வருஷத்தில் உன்னிடமிருந்து வந்தது ஒரு பொங்கல் வாழ்த்து மட்டும். மெஷினில் ஓடியதா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உன் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. முடிந்து மூன்று மாதம் கழித்து ரெங்கசாமி சார் சொல்லித்தான் தெரியும். சாரிடம், "ஆமா சார், எனக்கும் பத்திரிக்கை வந்துச்சு" என்று பொய் சொன்னேன். உனக்காக இல்லை, என் மானத்துக்காக.

போன வாரம் கும்பகோணம் போனவள், தாராசுரத்தில் உன் வீட்டுக்கும் போனேன். உன் அம்மா சரசா மாமி காப்பி கொடுத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார்கள். உன் படத்தோடு பத்திரிகையில் வந்த செய்தியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நம் லைப்ரரியை உன் பெயரில் இன்டர்நெட்டில் வெளியிட்டிருக்கிறாயாம், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்களாம்.

"எங்காத்து ரஞ்சனி ஒத்தையாளா உக்காந்து பண்ணினதாம்டீ. நீயும் அவளோடதானே படிச்சே, நோக்குத் தெரியாதா?" என்றார்கள்.

"தெரியும் மாமி" என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மாமியை நான் குறை சொல்லவில்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் இந்த வருஷமும் குறுவை போடவில்லை என்று உன் அப்பா சோர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் சிரிப்பு வருவது அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போது மட்டும்தான். அதை நான் உடைக்கவா? ஆனால் நீ செய்த சத்தியம் என்ன ஆயிற்று ரஞ்சனி? இதற்கு மட்டும் பதில் எழுது.

தஹ்மீனா

*

உ

நியூ ஜெர்சி
2 செப்டம்பர் 2001

அன்பு தஹ்மி,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. கல்யாணம் பதினைந்து நாள் லீவில் திருப்பதியில் நடந்து முடிந்தது. யாரையுமே கூப்பிட முடியவில்லை. நம்பு.

பெயர் விஷயம் நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. கம்பெனிப் படிவத்தில் எழுதியவர் பெயர் என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. முதல் நாளே அதில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். இப்போது போய் இன்னொருத்தியும் உண்டு என்றால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பார்கள். இங்கே ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என் வீட்டுக்காரர் ரகுவுக்கு வேலை போய்விட்டது. நாங்கள் இங்கே இருப்பதே என் விசாவில்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் விரல் படாத வரி ஒன்றாவது அதில் உண்டா? நீ சொன்னாய், நான் அடித்தேன். பூஞ்சை பிடித்தபோது முழுவதையும் இரண்டாம் தடவை அடித்ததும் நான்தான். எனக்கு அதில் பாதி இல்லையா?

நீயும் அதை எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள். நானா வந்து கேட்கப்போகிறேன்?

ரஞ்சனி

*

786

அதிராம்பட்டினம்
18 ஜனவரி 2004

ரஞ்சனிக்கு,

உன்னிடம் ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். இதுவரை கேட்டதில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன்.

இரண்டு வருஷமாக ஒரத்தநாடு பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். எம்.ஃபில். முடித்தால்தான் வேலை நிலைக்கும். வீட்டில் ஜாஃபர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் நம் லைப்ரரியை இன்னும் வேகமாக ஓடும்படி செய்து, அதையே ஆய்வேடாகக் கொடுத்தேன். நீதானே எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள் என்றாய். நானும் என் பொருளுக்கு நானே பயப்படுவதா என்று நினைத்துவிட்டேன்.

ஆய்வேட்டைத் திருத்திய பரிசோதகர் இன்டர்நெட்டில் உன்னுடையதைப் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் வரிக்கு வரி ஒன்று. "அமெரிக்காவில் இருக்கும் ஒருவருடைய வேலையைக் காப்பி அடித்திருக்கிறார்" என்று எழுதிவிட்டார். மார்ச் 26-ஆம் தேதி விசாரணை. அதில் நான் திருடி என்று முடிவானால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இப்போதே மாணவிகள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் பெண்கள், ரஞ்சனி.

எனக்கு வேண்டியது ஒரே வரி. 'இதை எழுதியவர் தஹ்மீனா, நான் தட்டச்சு செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் கம்பெனிக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்று பேர் உட்காரும் ஒரு அறைக்குள் அது முடிந்துவிடும்.

தபால் போய் வர நாளாகும். உடனே எழுது.

தஹ்மீனா

*

நியூ ஜெர்சி
20 பிப்ரவரி 2004

டியர் தஹ்மீனா,

உன் கடிதம் கிடைத்தது. உன் நிலைமைக்கு வருந்துகிறேன்.

எங்கள் கிரீன் கார்டு மனு இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அதில் என் முக்கியமான வேலை என்று காட்டியிருப்பது இந்த லைப்ரரியைத்தான். இந்தச் சமயத்தில் நான் கையெழுத்துப் போட்டு எதையும் தரக்கூடாது என்று ரகு உறுதியாகச் சொல்லிவிட்டார். மூன்று பேர் அறை என்கிறாய், ஒரு தாள் எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்? என் மகளுக்கு ஒரு வயது. நான் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

தவிர, இத்தனை வருஷத்தில் அதை நான் எவ்வளவோ பராமரித்திருக்கிறேன். இன்றைக்கு அது முழுவதும் உன்னுடையது என்று சொல்வதும் உண்மையாக இருக்காது.

உனக்குச் சொந்த வீடு இருக்கிறது. கணவர் சம்பாதிக்கிறார். இந்த வேலை போனால் உலகம் முடிந்துவிடாது. எனக்கு அப்படி இல்லை. புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

ஸ்ரீரஞ்சனி

*

786

அதிராம்பட்டினம்
11 ஏப்ரல் 2004

ஸ்ரீரஞ்சனிக்கு,

இது நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். பதில் போட வேண்டாம்.

உன் பழைய கடிதங்களை விசாரணையில் எடுத்து வைக்கச் சொல்லி என் தங்கை ஆமினா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். 98-ல் நீ எழுதியது ஒன்றே போதும். மேனேஜரிடம் பொய் சொன்னதும், ஓடாமல் நின்றபோது என்னிடம் அழுததும் உன் கையெழுத்தில் இருக்கிறது. எடுத்து வைத்திருந்தால் அறைக்குள் நான் சுத்தமாகியிருப்பேன். அறைக்கு வெளியே நீ திருடியாகியிருப்பாய். தாராசுரத்துச் சுவரும் உன் ஒரு வயது மகளும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் கெடுதலில்லாத வழி ஒன்று என்னிடம் இருந்தது. அதைத்தான் கையில் எடுத்தேன். புத்தி கெட்டவள்.

அட்டவணையில் அறுபத்தெட்டு எண் என்று நீயும் பெருமையாக எழுதினாயே, அந்த முறைக்கு வேண்டியது அறுபத்துநாலுதான். ரெங்கசாமி சார் தந்த ஜெராக்ஸில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பூஞ்சை பிடித்து இரண்டாம் தடவை அடித்தோமே, அப்போது கடைசியில் நாலு எண்ணை நானாகச் சேர்த்துச் சொன்னேன். நீ அடித்தாய். ஏன் என்று கேட்கவில்லை. ஆறு வருஷம் 'பராமரித்த' பிறகும் கேட்கவில்லை.

அந்த நாலு எண்ணும் சேர்ந்தால் ஒரு வாக்கியத்தின் ஹாஷ். வாக்கியம் என் மனதில் மட்டும் இருந்தது. உன் கல்யாணத்தன்று காதில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

விசாரணையில் என்னுடைய ஃபைலைத் திறக்கவே இல்லை. இன்டர்நெட்டிலிருந்து உன்னுடையதை இறக்கச் சொன்னேன். அட்டவணையை எண்ணச் சொன்னேன். பரிசோதகர் விரலை வைத்து இரண்டு தடவை எண்ணினார். "இந்த நாலும் எங்கயும் பயன்படலையேம்மா, எதுக்கு இருக்கு?" என்றார். வாக்கியத்தை அவர்கள் கண்முன்னே அடித்து உன் லைப்ரரிக்கே ஊட்டினேன். முப்பத்திரண்டு எழுத்தும் வந்து அந்த நாலு எண்ணோடு அப்படியே பொருந்தியது. பிறகு பரிசோதகர் எழுந்து, "உங்களத் திருடின்னு எழுதினதுக்கு மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார்.

'ஸ்ரீரஞ்சனியும் தஹ்மீனாவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சேர்ந்து செய்தது.'

"அப்ப இது ரெண்டு பேர் வேலையா?"

"இல்ல சார். எழுதினது நான். அவ டைப் பண்ணா."

"வாக்கியத்துல அப்படி இல்லையேம்மா. சேந்து செஞ்சதுன்னுல்ல இருக்கு. அதுவும் அவங்க பேர்தான் முதல்ல. நீங்க காட்டுன ஆதாரத்தையே நாங்க பாதி நம்பி பாதி நம்பாம இருக்க முடியுமா?"

ப்ரோகிராமில் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் இருபத்தொரு வயதில் உன் பெயர் இல்லாமல் என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. உன்னை முதலில் வைத்தேன். அந்த நாற்காலியில் பாதி உன்னுடையதுதானே என்று நினைத்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து உன் பெயரை எடுத்துவிட்டு அந்த வாக்கியத்தை அடித்துப் பார்த்தேன். பொருந்தாது என்று தெரியும். உனக்கே ரைஸ் மில் கதை சொல்லிக் கொடுத்தவள் நான். இருந்தாலும் ஆத்திரம், அடித்துப் பார்த்தேன். வேறு முப்பத்திரண்டு வந்தது. உன்னைத் தள்ளிவிட்டு என்னை மட்டும் நிரூபிக்க எனக்கு வழியே இல்லை.

இரண்டாம் தேதி தீர்ப்பு வந்தது. களவு இல்லை, கூட்டு வேலை. ஆய்வேடு தனி ஒருவர் உழைப்பாக இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே ஏற்க இயலாது. கல்லூரியில் ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். நீ மறுத்ததால் போகவில்லை ரஞ்சனி என் பட்டம். நான் உன்மேல் வைத்திருந்த பிரியத்தால் போயிற்று. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கடிதங்களை வைத்து மேல்முறையீடு செய், கண்டிப்பாக ஜெயிப்பாய் என்றார் ரெங்கசாமி சார். மாட்டேன் என்றேன். கெஞ்சிக் கேட்டும் நீ தராத ஒரு வரியை, உன் பழைய அழுகையிலிருந்து பிய்த்து எடுக்க எனக்கு இஷ்டமில்லை. உன் கடிதங்கள் அத்தனையும் இந்த உறைக்குள் இருக்கின்றன. பொங்கல் வாழ்த்தும் இருக்கிறது. என்னிடம் இனி உன் கையெழுத்து எதுவும் இல்லை. உன் வீட்டுக்காரரிடம் சொல், நிம்மதியாக இருக்கட்டும்.

நான் புதிதாக வேறொன்று எழுத ஆரம்பித்துவிட்டேன். நானே அடிக்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது.

உன் லைப்ரரியில் அந்த நாலு எண்ணையும் இனி எடுத்துவிடலாம். அறுபத்தைந்திலிருந்து அறுபத்தெட்டு வரை. அட்டவணையின் அளவை அறுபத்துநாலு என்று மாற்ற மறந்துவிடாதே. எடுத்தாலும் சரியாக ஓடும், பயப்படாதே.

தஹ்மீனா